பின்னறைக் கொம்பியூட்டர்கள்: ஓட்டுவதா, மாற்றுவதா, இரும்புக்குப் போடுவதா?

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்துவந்த வழமையான ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் எனக்குப் பழக்கமான அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் புதுப் பெட்டிகள் எடுக்கின்றன. புதியது வந்தால் இருப்பதைப் பின்னறைக்குத் தள்ள வேண்டும். அந்தக் கதவைத் திறக்கும்போதுதான், உள்ளே ஏற்கெனவே இரண்டு தலைமுறைச் சாமான் அடுக்கிக் கிடப்பது தெரியவருகிறது. மஞ்சள் பிடித்த பென்டியம் பெட்டிகள், முதுகு பெருத்த மொனிட்டர்கள், எப்சன் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சுருட்டிக் கட்டிய கறுப்புக் கேபிள், சப்பாத்துப் பெட்டி நிறையப் புளொப்பி. “இவ்வளவையும் இரும்புக்குப் போட்டால் என்ன தம்பி?” என்று முகாமையாளர் கேட்பார். அவருக்கு இடம் வேண்டும். கேள்வியில் பிழை இல்லை.

கொம்பியூட்டர் திருத்துவதும் நெட்வேர்க் இழுப்பதும்தான் இந்தக் கரையோரத்தில் என் தொழில். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் மாறுவதில்லை: எந்தப் பெட்டியில் பதிவேடு இருக்கிறது என்று தெரியும்வரை ஒன்றையும் வாசலுக்கு வெளியே விடாதீர்கள். அது தெரிந்தால் உங்கள் முன்னால் நாலைந்து வழிகள் உண்டு. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. எது யாருக்குச் சரி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில், இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நம்முடைய மாவட்டங்களில் கடதாசி தங்கவில்லை. இடம்பெயர்வுகளில் கோப்புகள் போயின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது கரையோரக் கந்தோர்களில் அலுமாரியோடு பதிவேடுகள் போயின. தப்பியதில் ஒரு பங்கை 2011 ஜனவரி வெள்ளம் நனைத்தது. கடதாசி இல்லாமல் போன இடங்களில், ஒரு பழைய ஹாட் டிஸ்க்கில் கிடப்பதுதான் மிஞ்சிய ஒரே பிரதி.

அந்தப் பிரதி இன்றைக்குத்தான் தேவைப்படத் தொடங்கியிருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் கட்டுகிறார்கள். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்டு எடுக்கலாம். 1996இல் 25 வயதில் வேலைக்கு வந்த ஆணுக்கு 2026இல் 55 ஆகிறது. அதே வருடம் 20 வயதில் வந்த பெண்ணுக்கு 50. கொம்பியூட்டரில் சம்பளப் பட்டியல் போடத் தொடங்கிய காலத்து ஊழியர்கள் இப்போதுதான் பழைய சேவையை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு வருகிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அடையாள அட்டை இலக்கம் விடுபட்டிருந்தாலும், பழைய வேலைத்தளத்தின் பதிவைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அப்படி ஒரு அம்மா வந்திருந்தார். தொண்ணூறுகளின் பின்பாதியில் அங்கே நெல் புடைத்தவர். கைப் பதிவேடு இல்லை. களஞ்சிய அறையில் 486 என்ற பழைய ரகப் பெட்டி ஒன்று, அதில் டீபேஸ் 3 பிளஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய சம்பளக் கணக்கு. பெட்டி எழும்பியது. டீபேஸைத் திறந்தால் கறுப்புத் திரையின் அடியில் ஒற்றைப் புள்ளி ஒன்று வந்து நிற்கும். கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கோப்பைத் திறந்து, அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடினேன். மாதம் மாதமாக வரிசை இறங்கியது: நாட்கள், சம்பளம், 8 வீதம், 12 வீதம். திரையை எட்டிப் பார்த்தவர், “என்ட பேர்தான் மனே, எழுத்துத்தான் கொஞ்சம் மாறிக் கிடக்கு” என்றார். இலக்கம் சரியாக இருந்தது. அதை வைத்துத்தான் கடிதம் எழுதப்பட்டது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இருப்பதை அப்படியே ஓட்டுவது

பல கந்தோர்களில் இன்றும் இதுதான் நடக்கிறது. பின்னறையில் கிடப்பது ஒரு பங்கு. முன்னறையில் இன்னமும், விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்துக்கு எழுதிய நிரலில் சிட்டை அடிக்கும் இலிகிதர் இன்னொரு பங்கு. விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பில் டொஸ் நிரல்களை ஓட்ட முடியும். அதனால்தான் தொண்ணூறுகளில் எழுதிய நிரல்கள் இவ்வளவு காலம் வந்தன. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் எதிலும் டொஸ் காலத்து 16 பிட் நிரல் நேரடியாக ஓடாது. ஆகவே புதுப் பெட்டி எடுக்கிற அன்றைக்கே இந்தப் பாதை மூடிவிடும்.

பழைய பெட்டியை வைத்தே ஓட்டுவோம் என்பவர்களுக்கு, அந்த நிரல்களின் தரத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். டீபேஸிலும் கிளிப்பரிலும் பொக்ஸ்புரோவிலும் எழுதிய நிரலில் மௌஸ் தேவையில்லை. பழகிய காசாளர் ஒருவர் கீபோர்டைப் பார்க்காமலே, வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தபடி சிட்டை அடித்து முடிப்பார். இன்றைய உலாவிக் கணக்கு மென்பொருள் எதிலும் அந்த வேகத்தை நான் காணவில்லை. அந்த வேகத்தை இழக்க அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பெட்டி நிலைக்காது. 286, 386, 486 பலகைகள் பலவற்றில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பட்டரி ஒட்டியிருக்கும். அது காலம் போகக் கசிந்து பலகையின் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சை நிறம் கண்டால் அன்றைக்கே வெட்டி எடுங்கள். அதற்குப் பிந்திய பெட்டிகளில் இருப்பது சிஆர் 2032 நாணய பட்டரி, அதில் இந்தத் தொல்லை இல்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பலகைகளுக்கு வேறு நோய்: தரமற்ற மின்தேக்கிகள் தலை வீங்கி வெடிப்பது. இதோடு நம்முடைய உப்புக் காற்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கட்டடத்தில் யன்னல் திறந்தபடி கிடந்த பெட்டிக்குள் ஒவ்வொரு இணைப்பு ஊசியிலும் துரு இருக்கும்.

நிரலுக்குள்ளேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும், மொத்தம் பத்து இடம். 2016இலிருந்து வரும் புது அட்டையில் 12 எண். அன்று நிரல் எழுதியவர் பத்து இடம்தான் விட்டிருப்பார். மூல நிரல் கையில் இருந்தால் அகலத்தைக் கூட்டலாம். ஓட மட்டுமே செய்யும், திருத்த முடியாத தொகுத்த கோப்பு மட்டும் இருந்தால், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளின் இலக்கத்தை அதில் ஒழுங்காகப் பதியவே முடியாது. நிரலை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்ட கந்தோர்கள் எத்தனையோ.

என் கருத்தில், இந்த வழி பதிவேட்டைக் கொப்பி பண்ணும்வரைக்கும் மட்டும்தான் சரி.

பழைய நிரலைப் புதுப் பெட்டிக்குள் ஓட்டுவது

பழைய கொம்பியூட்டர் ஒன்றைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன, எமுலேட்டர் என்பார்கள். டொஸ்பொக்ஸ் 2002இல் வந்தது. அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. கணக்கு வேலைக்கு அதை நம்புவது நல்லதல்ல. அதிலிருந்து பிரிந்த டொஸ்பொக்ஸ்-எக்ஸில் பிரிண்டர் வசதியும், ஒரே பதிவில் இருவர் ஒன்றாக எழுதாமல் தடுக்கும் கோப்புப் பூட்டும் உண்டு. அலுவலகத்துக்கு அதுதான் ஏற்றது. விண்டோஸ் 98இல் ஓடிய நிரலானால் 86பொக்ஸ் போன்ற ஒன்றில் முழுப் பெட்டியையுமே எழுப்பலாம். எல்லாம் இலவசம்.

இதில் எனக்குப் பிடித்தது, பழைய திரை அப்படியே வருவது. இலிகிதர் உட்கார்ந்தவுடன் வேலை தொடங்கும். வேக மாற்றத்தால் வரும் கோளாறுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் வேகமான புரொசெசரில் “ரன்டைம் எரர் 200” என்று சொல்லி நின்றுவிடும். எமுலேட்டரில் வேகத்தைக் குறைத்துவிட்டால் ஓடும்.

இது சரிவராத இடங்களும் உண்டு. நிரலோடு பிரிண்டர் வாயில் செருகும் பூட்டுக் கட்டை ஒன்று வந்திருந்தால், அது இல்லாமல் நிரல் திறக்காது. எமுலேட்டருக்குள் அதைக் காட்டுவது பெரும்பாடு. ஒரே நேரத்தில் நாலு பேர் ஒரே கோப்பில் பதிகிற அமைப்பானால் பூட்டுகள் சறுக்கிப் பதிவு கெடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே இதைத் தினசரி வேலைக்கு வைக்காமல், பழைய ஆண்டுகளைப் பார்க்கும் யன்னலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு தொகை எப்படிக் கணிக்கப்பட்டது என்ற கேள்வி வந்தால், அந்த நிரலையே திறந்து காட்ட முடியும். தரவை மட்டும் எடுத்து நிரலை எறிந்தவர்களுக்கு அது முடியாது.

தரவைப் புதியதற்கு மாற்றுவது

வேலை கூடிய வழி இது. நீண்ட காலத்துக்கு உறுதியானதும் இதுதான்.

டீபேஸ் கோப்புகளைப் பற்றிப் பலரும் வீணாகப் பயப்படுகிறார்கள். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் அவற்றை நேரடியாகத் திறக்கும். பழைய லோட்டஸ் 1-2-3 கணக்குத் தாள்களையும் அது திறக்கும். 2000ஆம் ஆண்டு வந்தபோது எல்லாருக்கும் பிரச்சினை தந்த திகதிகள் கூட டீபேஸ் கோப்புக்குள் நாலு எண் ஆண்டோடு முழுதாகவே சேமிக்கப்பட்டன. சுருங்கியது திரையில் காட்டும்போதுதான். ஆகவே கோப்பைத் திறப்பது சின்ன வேலை. அதற்கு முன்பும் பின்பும்தான் பாடு.

முன்பு: கோப்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது. நீண்ட காலம் அணைந்து கிடந்த டிஸ்க்கில் வாசிக்கும் தலை தட்டில் ஒட்டிக்கொள்வது உண்டு. அது ஒருமுறை சுழன்றால் மறுமுறை சுழலும் என்று சொல்ல முடியாது. எனவே முதல் தடவை எழும்பினால் அணைக்காமல், வேறு எதையும் திறந்து பார்க்காமல், கொப்பியை முடித்துவிடுங்கள். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து, யூபிஎஸ்ஸில் போட்டுத்தான் தொடங்க வேண்டும். ஐடிஈ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க் என்றால் யூஎஸ்பி அடாப்டரில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் மிகப் பழைய சிறிய டிஸ்க்குகளைப் பல அடாப்டர்கள் அடையாளம் காணாது. அப்போது நெட்வேர்க் கார்ட்தான் கை கொடுக்கும். அந்தக் காலத்து என்ஈ 2000 வகைக் கார்டுகள் பலவற்றில் பழைய கறுப்புக் கேபிளுக்கான வட்ட வாயும் இன்றைய நெட்வேர்க் வயருக்கான ஆர்ஜே 45 வாயும் இரண்டுமே இருந்தன. அந்த இரண்டாவது வாயில் ஒரு சாதாரண வயரைச் செருகி, சுவிட்ச் ஒன்றின் வழியாக இன்றைய மடிக்கணினியோடு இணைக்கலாம். டொஸ்ஸுக்காக எழுதிய எம்டிசிபி என்ற இலவசத் தொகுப்பு கோப்புகளை அனுப்பிவிடும். முப்பது வருடத்து இடைவெளியில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒரே வயரில் பேசிக்கொள்வதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

நொவெல் நெட்வெயார் என்ற பழைய நெட்வேர்க் இயங்குதளம் ஓடிய சேவர் கிடைத்தால் டிஸ்க்கைக் கழற்றுவதில் பயன் இல்லை; இன்றைய விண்டோஸுக்கு அந்தக் கோப்பு முறை புரியாது. சேவரை எழுப்பி, டொஸ் பெட்டி ஒன்றிலிருந்து உள்நுழைந்து எடுக்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர் கடவுச்சொல் வேண்டும், அது தெரிந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய வீட்டுக்குப் போங்கள், தொலைபேசியில் கேட்காதீர்கள். பேச்சோடு பேச்சாக வேறு பல விசயங்களும் வரும். அந்தச் சேவரின் திரையில் கொஞ்ச நேரம் கை படாவிட்டால் ஒரு பாம்பு நெளியத் தொடங்கும். வேலைப்பளு கூடக் கூட அதன் வால் நீளும். பாம்பின் நீளத்தைப் பார்த்தே, இன்று மாத முடிவுக் கணக்கு ஓடுகிறது என்று சொன்ன ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

பின்பு: எடுத்த தரவைச் சுத்தம் செய்வது. டொஸ் காலத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் பதியப்பட்டன. சிவஞானம் என்ற ஒரே ஆள் ஒரு வருடம் நடுவில் ‘ஜி’ போட்டும் அடுத்த வருடம் ‘ஜி’ இல்லாமலும் இருப்பார். பெயரை வைத்துச் சேர்த்தால் ஒருவர் இருவராவார், இருவர் ஒருவராவார். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சேருங்கள். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்ற ஒழுங்கு ஒன்று இருக்கிறது: முன்னால் 19 சேர்த்து, ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை விட்டுவிடுவது. 852134567 என்பது 198521304567 ஆகும். இதை ஒரு சூத்திரமாக எழுதினால் முழுப் பட்டியலும் நொடியில் மாறும்.

விண்டோஸ் வந்த பிறகு செய்த பதிவுகளில் சிக்கல் வேறு. அவை பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது, கொம்பியூட்டரைப் பொறுத்தவரை ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் அந்தக் குறிகள்தான் தெரியும். அதைக் கண்டு “கோப்பு கெட்டுப் போச்சு” என்று அழித்தவர்கள் இருக்கிறார்கள். கெடவில்லை. இன்று எல்லாப் பெட்டியிலும் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் தாராளமாக இருக்கின்றன. ஒரு கவனம் மட்டும் தேவை: தரவுத்தளக் கோப்பு எழுத்துருவை நினைவில் வைத்திருக்காது. தமிழ்ப் பெயரும் ஆங்கில முகவரியும் கலந்திருக்கும் பட்டியலை ஒரேயடியாக மாற்றினால் ஆங்கிலம் அத்தனையும் பொருளற்ற தமிழாகிவிடும். களம் களமாக, எது தமிழ், எது ஆங்கிலம் என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அச்சகங்களுக்கு இது இன்னும் முக்கியம். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், கல்வெட்டுப் புத்தகம் என்று இந்த மண்ணின் எழுத்து வேலை முழுவதும் அந்தக் கோப்புகளில் கிடக்கிறது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டில்தான் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களும் இருக்கும். அச்சகக்காரர்கள் அதைத் தொழில் கழிவாக நினைக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

புளொப்பிகளைப் பற்றி ஒரு சொல். 1.44 எம்பி புளொப்பியை யூஎஸ்பி டிரைவ் வாசிக்கும். பெரிய ஐந்தேகால் அங்குலத்தை அது வாசிக்காது. சோனி நிறுவனம் 2011இல் புளொப்பி உற்பத்தியை நிறுத்தியது, இனி நல்ல டிரைவ் கிடைப்பதும் குறையும். நம்முடைய ஈரப்பதத்தில் தட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். உலோக மூடியை ஒதுக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுங்கள். பூஞ்சணம் பிடித்த ஒன்றைப் போட்டால் வாசிக்கும் தலை அழுக்காகி அடுத்து வரும் நல்லதையும் கீறிவிடும்.

அச்சடித்து வைப்பது

சில பெரியவர்கள் இதைத்தான் கேட்பார்கள்: எல்லாவற்றையும் அடித்துக் கட்டி வைத்தால் போதாதா? போதாது. கடல் வந்த நாளில் என்ன ஆனது என்று மேலே சொன்னேன். துணைக்கு இருக்கட்டும், ஆண்டு இறுதிச் சுருக்கத்தை மட்டும் அடித்து மேல் மாடியில் வையுங்கள்.

அச்சு என்று வந்ததால் பிரிண்டர்களையும் பார்த்துவிடலாம். பின்னறைச் சாமானில் இன்றைக்கும் முழு மதிப்போடு இருப்பது டொட் மேட்ரிக்ஸ் ஒன்றுதான். ஊசி வந்து தட்டுவதால் மூன்று பிரதிச் சிட்டையை ஒரே அடியில் அடிக்கும். லேசர் பிரிண்டரால் அது முடியாது. எப்சன் எல்எக்ஸ்-310 கடையில் புதிதாகவே கிடைக்கிறது, அதில் யூஎஸ்பி வாயும் உண்டு. பழைய எல்எக்ஸ்-300 நல்ல நிலையில் இருந்தால் எறிய வேண்டாம். மாற்றுக் கேபிள் ஒன்றோடு விண்டோஸில் ஓடும். டொஸ் நிரலிலிருந்து அடிக்க டொஸ்பொக்ஸ்-எக்ஸ் வழியாகப் போக வேண்டும். ஆலைகளுக்கும் கூட்டுறவுக் கடைகளுக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன்.

சுவரில் ஓடும் கேபிள்

இதில் தீர்ப்பு இலகு, ஆனால் அந்தக் கறுப்புக் கேபிளை மரியாதையோடு அனுப்ப விரும்புகிறேன். மெல்லிய கோஏக்சியல் ஈதர்நெட்டில் பெட்டிகள் எல்லாம் ஒரே கேபிளில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒரு ‘டி’ இணைப்பு, கேபிளின் இரண்டு முனையிலும் 50 ஓம் மின்தடை உள்ள மூடி. ஒரு துண்டத்துக்கு 185 மீற்றர் எல்லை, 30 பெட்டி எல்லை. சுவிட்ச் வேண்டாம், ஹப் வேண்டாம். சாமான் கிடைக்காத, கிடைத்தாலும் சாவடிகளில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு வரவேண்டிய அந்தக் காலத்தில் ஒரு கந்தோரை இணைக்க இதைவிட மலிவான வழி இருக்கவில்லை.

பலவீனமும் அதிலேயே இருந்தது. கூட்டுகிறவரின் தும்புத்தடி ஒரு ‘டி’யைத் தட்டினால் முழுக் கந்தோரும் நின்றுவிடும். யார் இடத்தில் கழன்றது என்று எந்த விளக்கும் காட்டாது. எல்லாப் பெட்டியையும் அணைத்துவிட்டு, நடுவில் இருக்கும் பெட்டியின் ‘டி’யைக் கார்டிலிருந்து கழற்றி அதன் வாயில் மல்டிமீட்டரை வைப்போம். 25 ஓம் அளவில் காட்டினால் இரண்டு முனையும் நலம். 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. இந்தப் பக்கக் கேபிளைக் கழற்றி, அந்தப் பக்கக் கேபிளைக் கழற்றி எந்தப் பாதி என்று கண்டு, அந்தப் பாதியின் நடுவுக்குப் போய் மறுபடியும் அளப்போம். மேசைக்கடியில் தவழ்ந்துதான் நெட்வேர்க் படித்தோம்.

இன்றைக்கு அதைக் கழற்றிவிட்டு இன்றைய கெட் 6 நெட்வேர்க் வயர் இழுங்கள். ஆனால் தரவை எடுத்து முடியும்வரை கழற்ற வேண்டாம். சில பழைய கார்டுகளில் வட்ட வாய் மட்டும்தான் இருக்கும், கோப்பை வெளியே கொண்டுவர அந்தக் கேபிளே வழியாகலாம். வைபையா, வயரா என்று கேட்டால், கணக்குப் பெட்டிகளுக்கு வயர், கைப்பேசிகளுக்கு வைபை. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்கள் விட்டுப்போன கட்டடங்களில் அதற்கு முந்திய கெட் 5 வயர் ஏற்கெனவே சுவருக்குள் இருக்கும். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம், எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை.

மிச்சச் சாமான்

பதிவேடு வெளியே வந்த பிறகு பெட்டிகளுக்கு இரண்டு போக்கிடம்.

ஓடுகிற ஒரு சோடியை, ‘டி’ இணைப்பும் மூடிகளும் சேர்த்துப் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். சாதாரண தரப் பிள்ளைகள் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பஸ், நட்சத்திரம், வளையம் என்று வலையமைப்பு வடிவங்களைப் படம் கீறிப் பாடமாக்குகிறார்கள். பஸ் வடிவத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு மூடியைக் கழற்றினால் இரண்டு பெட்டியும் பேச்சை நிறுத்துவதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. பட்டரியை வெட்டி, மின்வழங்கியைச் சோதித்து, பதிவுகள் இருந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுங்கள். குப்பையைத் தள்ளிவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாது.

மற்றதெல்லாம் கழிவு. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். செப்புக்காகக் கேபிளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் பீவீசி புகை நஞ்சு. மொனிட்டரை உடைத்துக் கண்ணாடியை வாவிக்கரையில் கொட்டுகிறார்கள்; பழைய குழாய் மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அந்த வாவியில்தான் நாம் இறாலும் நண்டும் பிடிக்கிறோம். அணைத்த மொனிட்டரிலும் ஆளைத் தூக்கி எறியும் மின்னழுத்தம் தங்கியிருக்கும், சின்னப் பிள்ளைகள் கிட்டப் போக விடாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அந்த அனுமதி உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு கந்தோரின் சாமானுக்காக அவர்கள் இவ்வளவு தூரம் வருவது கடினம். பக்கத்துக் கந்தோர்கள் நாலைந்து சேர்ந்து ஒரே நாளில் ஏற்றுவது நடைமுறைக்குச் சரிவரும்.

ஆக, ஆலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என் தெரிவு இதுதான்: தரவை மாற்றுங்கள், பழைய நிரலை எமுலேட்டரில் பார்வைக்கு வையுங்கள், டொட் மேட்ரிக்ஸைத் தொடருங்கள். அச்சகத்துக்கு: மூலக் கோப்பையும் பாமினி எழுத்துருவையும் அப்படியே ஒரு பிரதி, யுனிகோடில் இன்னொரு பிரதி. தொண்டு நிறுவனங்களின் விண்டோஸ் எக்ஸ்பி காலப் பெட்டிகள் பெரும்பாலும் வெறும் கடிதங்களும் அறிக்கைகளும். கொப்பி எடுத்துவிட்டு அனுப்பலாம். ஆனால் பயனாளிகள் பட்டியல் இருந்தால் அதற்கும் ஆலைச் சம்பளப் பட்டியலுக்குக் கொடுக்கும் அதே கவனம் வேண்டும். வீடு யாருக்குக் கிடைத்தது, படகு யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வி இன்னும் பல வருடங்களுக்கு வரும். பிரதிகளில் ஒன்றாவது கரையோரத்துக்கு வெளியே, உயரமான இடத்தில் இருக்கட்டும்.

கடைசி வேலை ஹாட் டிஸ்க்கைத் துளையிடுவது. அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள டிஸ்க்கைப் பெட்டியோடு விற்கக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்த மனிதர்களுடைய விபரம். ஆனால் துளைப்பானைக் கையில் எடுக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். கொப்பி எடுத்தவர் அல்லாத வேறொருவர், வேறொரு கொம்பியூட்டரில் அந்தக் கொப்பியைத் திறக்கட்டும். யாருடைய வீட்டிலாவது தப்பியிருக்கும் பழைய சம்பளச் சிட்டைகள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்களையும் தொகைகளையும் அவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும். எல்லாம் ஒத்து வந்தால் துளையிடலாம். ஒன்று பிசகினாலும் டிஸ்க்கை அலுமாரியில் திரும்ப வைத்துவிட்டு, எங்கே விடுபட்டது என்று பாருங்கள்.